பிரித்தானியக் குடியுரிமைப் பரீட்சை: வரலாற்றுப் பகுதியை எப்படிப் படிப்பது?

செங்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, திருமணத்தின் பின்னர் இலண்டனுக்கு வந்து, இப்போது ஹரோவில் கணவரோடும் ஐந்து வயது மகனோடும் வசிக்கிறேன். நிரந்தர வதிவிட உரிமைக்கும் அதன் பின்னர் குடியுரிமைக்கும் தேவையான ‘ஐக்கிய இராச்சியத்தில் வாழ்க்கை’ என்னும் பரீட்சைக்குச் சென்ற மாதம் தோற்றினேன். 45 நிமிடங்களில் 24 வினாக்கள். அவற்றில் 18க்குச் சரியாக விடையளித்தால் சித்தி. நான் சித்தியடையவில்லை. ஆங்கிலம் எனக்குத் தடையாக இருக்கவில்லை. சட்டம், அன்றாட வாழ்க்கை பற்றிய வினாக்களும் கடினமாகத் தோன்றவில்லை. வரலாறும் ஆட்சிமுறையும் வந்த இடங்களில்தான் தடுமாறிப்போனேன்.

அரசு வெளியிட்டுள்ள கைநூலை இரண்டு தடவை வாசித்தேன். ஆண்டுகளைச் சிறு அட்டைகளில் எழுதிச் சமையலறை அலுமாரிக் கதவுகளில் ஒட்டிவைத்தேன். 1066, 1215, 1314, 1415, 1485, 1588 என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் அந்த ஆண்டில் நடந்தது எதற்காக நடந்தது, அதன் பின் என்ன மாறியது என்று கேட்டால் வாயடைத்துப் போகிறேன். முதலாம் சார்ள்ஸ், இரண்டாம் சார்ள்ஸ், முதலாம் ஜேம்ஸ், இரண்டாம் ஜேம்ஸ் ஆகிய நால்வரும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரில் யாருடைய பிள்ளை யார் என்பதும், கவிஞர்களும் விஞ்ஞானிகளும் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் பயிற்சி வினாக்களுக்கு நன்றாகவே விடையளித்து வந்தேன். பரீட்சையில் அதே செய்தியை வேறு விதமாகக் கேட்டபோது அது உதவவில்லை.

மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடு என்று கணவர் சொல்கிறார். பள்ளியில் எனக்கு வரலாறு மிகவும் பிடித்த பாடம். சங்கிலி மன்னனின் முடிவையும் நல்லூர் இராசதானியின் வீழ்ச்சியையும் கதையாகச் சொல்லித் தந்த ஆசிரியை இன்றும் என் நினைவில் இருக்கிறார். ஒரு நாட்டின் மன்னருக்கும் சட்டத்துக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யப் போகிறவள், அந்த மன்னரும் சட்டமும் எப்படி இன்றைய நிலைக்கு வந்தன என்பதை விளங்காமல் சத்தியம் செய்ய எனக்கு மனமில்லை. இந்த வரலாற்றைக் கோவையாகப் பிடித்துக்கொள்ள வழியுண்டா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


பழைய மாஸ்டர் எழுதியது:

மகள் செங்காந்தளுக்கு,

நான் ஊரில் 22 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன். இங்கே ஓய்வு பெற்ற பின்னர், எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைகளில் இந்தப் பரீட்சைக்குத் தோற்றுவோருக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் உங்கள் சுமையில் பாதியை இறக்கிவைக்க விரும்புகிறேன். பிறந்த ஆண்டுகளையும் இறந்த ஆண்டுகளையும் பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று அந்தக் கைநூலின் முன்னுரைப் பகுதியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டுகள் எழுதிய அட்டைகளை இன்றே கழற்றிவிடுங்கள்.

அடுத்து, 1066இலிருந்து தொடங்க வேண்டாம். இன்றைக்கும் நடக்கிற ஒரு சடங்கிலிருந்து தொடங்குங்கள். பாராளுமன்றத்தின் புதிய கூட்டத்தொடரை மன்னர் வந்து திறந்துவைக்கும் நாளைத் தொலைக்காட்சியில் பாருங்கள். பழைய ஒளிப்பதிவுகளும் இணையத்தில் கிடைக்கும். மன்னர் பிரபுக்கள் சபையில் அரியணையில் அமர்ந்திருப்பார். பொதுச் சபை உறுப்பினர்களை அழைத்துவர ‘பிளாக் ரொட்’ என்னும் பதவியுடைய அதிகாரி கையில் கறுப்புக் கோலோடு போவார். அவர் நெருங்கும்போது பொதுச் சபையின் கதவை அவருடைய முகத்துக்கு நேரே அடித்துச் சாத்துவார்கள். அவர் கோலால் மூன்று முறை தட்டிய பின்னர்தான் கதவு திறக்கும்.

ஏன் சாத்துகிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கான விடைதான் உங்கள் பரீட்சையின் மூன்றில் ஒரு பங்கு என்பேன். 1642 ஜனவரியில் முதலாம் சார்ள்ஸ் மன்னர் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யப் படைவீரரோடு பொதுச் சபைக்குள் நுழைந்தார். அவர்கள் முன்கூட்டியே அறிந்து தப்பிவிட்டார்கள். எங்கே அவர்கள் என்று மன்னர் கேட்டபோது, இந்தச் சபை பணித்தாலன்றித் தமக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்று சபாநாயகர் லெந்தோல் முழந்தாளிட்டு மறுமொழி சொன்னார். அன்றிலிருந்து இன்று வரை அரியணையில் இருக்கும் எவரும் அந்தச் சபைக்குள் கால் வைத்ததில்லை. கதவை அடித்துச் சாத்துவது அந்த நாளின் நினைவு.

சார்ள்ஸ் அங்கே போக வேண்டி வந்ததற்குக் காரணம் பணம். இந்தச் சொல்லைத்தான் நூலிழையாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். போர் செய்ய மன்னருக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வரி வேண்டும். வரிக்கு வரி கொடுப்பவர்களின் சம்மதம் வேண்டும். ஜோன் மன்னர் நோர்மண்டியை இழந்து, அதை மீட்பதற்காகப் பிரபுக்களைக் கசக்கிப் பிழிந்தபோது அவர்கள் கிளர்ந்தெழுந்து, 1215இல் தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்னும் புல்வெளியில் மக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்துக்கு அவரை உடன்பட வைத்தார்கள். மன்னரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், ஆலோசனை இன்றி வரி விதிக்க முடியாது என்பதே அதன் உட்கிடை. அந்த ஆலோசனைக் கூட்டம் வளர்ந்து பாராளுமன்றம் ஆயிற்று. பெரும் நிலக்கிழார்களும் ஆயர்களும் ஒரு சபையில் அமர்ந்தார்கள், அதுவே பிரபுக்கள் சபை. சிறு நிலவுடைமையாளரும் நகரங்களின் செல்வந்தரும் மற்றதில் அமர்ந்தார்கள், அதுவே பொதுச் சபை. எட்டாம் ஹென்றி போப்பரசரை விட்டுப் பிரிந்து 1534இல் தம்மை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக் கொண்டபோதும் அதைப் பாராளுமன்றச் சட்டத்தின் மூலமே செய்தார் என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு வலிய மன்னருக்கும் அந்தச் சம்மதம் தேவைப்பட்டது. அவருடைய மனைவியரில் மூவரை மட்டும் பிள்ளைகளோடு சேர்த்து நினைவில் வையுங்கள்: அரகன் நாட்டுக் கத்தரீனுக்கு மேரி, ஆன் பொலினுக்கு எலிசபெத், ஜேன் சீமோருக்கு எட்வேர்ட். மூவரும் அரியணை ஏறினார்கள். எட்வேர்ட் முதலில், பிறகு மேரி, பிறகு எலிசபெத்.

எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லாததால் 1603இல் ஸ்கொட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணைக்கும் வந்தார். உங்களைக் குழப்பும் நால்வரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஜேம்ஸ், சார்ள்ஸ், சார்ள்ஸ், ஜேம்ஸ். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வரும், சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் போல. முதலாமவர் தகப்பன், இரண்டாமவர் மகன், கடைசி இருவரும் அந்த மகனின் பிள்ளைகள். தகப்பன் காலத்தில் 1605இல் கை ஃபோக்ஸ் முதலிய கத்தோலிக்கர் சிலர் பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்க முயன்றார்கள். உங்கள் மகன் நவம்பர் 5இல் பார்க்கும் வாணவேடிக்கையும் தீமூட்டலும் அந்தச் சதி முறியடிக்கப்பட்டதன் நினைவு. கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் அரச காவலர்கள் கட்டடத்தின் நிலவறைகளை இன்றும் விளக்கோடு சோதனையிடுகிறார்கள்.

மகன் சார்ள்ஸ், மன்னருக்கு அதிகாரம் தருபவர் இறைவனே என்று நம்பி 11 ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். ஸ்கொட்லாந்தின் மீது புதிய வழிபாட்டு நூலைத் திணிக்கப் போய் அங்கே கிளர்ச்சி மூண்டது, படைக்குப் பணமில்லை, 1640இல் பாராளுமன்றத்தைக் கூட்டவேண்டியதாயிற்று. அதற்குப் பின்னர் அயர்லாந்திலும் கிளர்ச்சி, சபைக்குள் நுழைவு, உள்நாட்டுப் போர், 1649 ஜனவரி 30இல் வைட்ஹோலில் அவருடைய தலை வீழ்ந்தது. பாராளுமன்றப் படைத்தலைவர் ஒலிவர் குரொம்வெல்லின் குடியரசு, குரொம்வெல் இறந்த பின்னர் நெடுநாள் நிலைக்கவில்லை. 1660இல் மூத்த பேரன் இரண்டாம் சார்ள்ஸ் திரும்பி வந்தார். இளைய பேரன் இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர் என்பதாலும் பாராளுமன்றத்தை மதியாததாலும் 1688இல் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. அவருடைய மகள் மேரியும் மருமகன் வில்லியமும் அழைத்துவரப்பட்டார்கள். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்துக்குப் பின்னர் படைகளுக்கான பணத்தை ஆண்டுதோறும் பாராளுமன்றமே அனுமதிக்கவேண்டும் என்றாயிற்று. 1642க்கும் 1689க்கும் இடைப்பட்ட அந்த 47 ஆண்டுகளை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பிந்தியவை தாமாக வந்து சேரும்: 1714இல் ஜேர்மனியிலிருந்து வந்த முதலாம் ஜோர்ஜுக்கு ஆங்கிலம் சரளமாக வராததால் அமைச்சர்களை நம்பவேண்டியிருந்தது, அவர்களில் முதன்மை பெற்ற சேர் ரொபர்ட் வோல்போல் 1721முதல் 1742வரை பதவி வகித்து முதலாவது பிரதமர் எனக் கருதப்படுகிறார்.

பிறகு எஞ்சியிருப்பது, அந்தச் சபையை யார் தெரிவு செய்வது என்ற போராட்டம். 1832இல் சீர்திருத்தச் சட்டம் வந்தும் பெரும்பாலான ஆண்களுக்கே வாக்கில்லை. அதனால் எழுந்த சார்ட்டிஸ்ட் இயக்கத்தினர் ஆறு கோரிக்கைகளை வைத்தார்கள்; ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்று தவிர மற்றவை எல்லாம், இரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினருக்குச் சம்பளம் உட்பட, காலப்போக்கில் நிறைவேறின. பெண்களுக்கு 1918இல் 30 வயதில் வாக்குக் கிடைத்தது. எமலின் பாங்க்ஹெர்ஸ்ட் போன்றவர்கள் சிறையில் உண்ணாவிரதம் இருந்து பெற்ற உரிமை அது. 1928இல் ஆண்களைப் போலவே 21 வயதில் கிடைத்தது. நமது இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது என்பதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். இரண்டுக்கும் இடையே மூன்றே ஆண்டுகள்தான். இதை ஒப்பிட்டுப் பார்த்தால் 1928 ஒருபோதும் மறக்காது.


கார்டிஃப் செவிலி எழுதியது:

வணக்கம் சகோதரி. வணக்கம் ஐயா. நான் நாகர்கோவிலைச் சேர்ந்தவள். கார்டிஃபில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றேன். ஐயா மிக அழகாக விளக்கியிருக்கிறார்கள். ஆனால் வேல்ஸில் வாழ்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டும். ஐயா சொன்னது பெரும்பாலும் இங்கிலாந்தின் கதை. தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பது, இங்கிலாந்து, கிரேட் பிரிட்டன், ஐக்கிய இராச்சியம் ஆகிய மூன்றையும் ஒன்றென்று நினைத்து விடையளிப்பதால்தான். கிரேட் பிரிட்டன் என்றால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மட்டும். அதோடு வட அயர்லாந்தும் சேர்ந்தால்தான் ஐக்கிய இராச்சியம். ஐல் ஆஃப் மேன் தீவும் சேனல் தீவுகளும் மன்னருக்கு உரியவை என்றாலும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகள் அல்ல.

எது எப்போது இணைந்தது என்பதைக் கொடியைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். யூனியன் கொடியில் வெள்ளையின் மேல் நேராக நிற்கும் சிவப்புச் சிலுவை இங்கிலாந்தின் புனித ஜார்ஜுக்கு உரியது. நீலத்தின் மேல் குறுக்காகக் கிடக்கும் வெள்ளைச் சிலுவை ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூவுக்கு உரியது. குறுக்கான சிவப்புச் சிலுவை அயர்லாந்தின் புனித பேட்ரிக்குக்கு உரியது. வேல்ஸின் டிராகன் அதில் இல்லை. முதல் கொடி 1606இல் உருவானபோது வேல்ஸ் ஏற்கெனவே இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டிருந்தது. 1284இல் முதலாம் எட்வர்ட் போட்ட சட்டத்திலேயே அந்த இணைப்பு தொடங்கிவிட்டது. அவர் எங்களை அடக்கிவைக்கக் கட்டிய கான்வி, கார்னார்வன் கோட்டைகள் இன்றும் நிற்கின்றன. (பார்த்தீர்களா, ‘எங்களை’ என்று எழுதிவிட்டேன், பதினோரு ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்தால் அப்படித்தான் ஆகிவிடுகிறது.) ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் 1603இலேயே ஒரே மன்னரின் கீழ் வந்தாலும், இரண்டு நாடாளுமன்றங்களும் ஒன்றானது 1707இல்தான். அப்போதும் ஸ்காட்லாந்து தன் சட்டமுறையையும் கல்விமுறையையும் விட்டுக்கொடுக்கவில்லை. குற்ற வழக்குகளில் இங்கிலாந்தில் 12 ஜூரர்கள் என்றால் அங்கே 15 பேர். அயர்லாந்து 1801இல் சேர்ந்தது. 1922இல் அதன் பெரும்பகுதி பிரிந்து போக, வடக்கின் ஆறு மாவட்டங்கள் ஐக்கிய இராச்சியத்தில் நின்றன. 1999இல் ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனி அவைகள் அமைந்தன. எங்களுடையதன் பெயர் இப்போது செனெத்.

கேள்விகளின் வடிவத்தையும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, சரியா தவறா என்பது, இரண்டு கூற்றுகளில் எது சரி என்பது, நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுப்பது என நான்கு வகைகள் உண்டு. கடைசி வகையில் அவசரத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள். நேரம் தாராளமாகவே இருக்கிறது.

என் தொழில் காரணமாக எனக்கு எளிதாக மனதில் நின்ற பகுதி, 1942இல் சமூகநலத் திட்டத்தை முன்வைத்த பெவரிட்ஜ் அறிக்கை, 1945இல் அட்லி தலைமையில் தொழிற்கட்சி ஆட்சி, 1948இல் தேசிய சுகாதாரச் சேவை என்ற வரிசை. அந்தச் சேவையைத் தொடங்கிய அமைச்சர் அனைரின் பெவன், வேல்ஸின் நிலக்கரிச் சுரங்க ஊரான ட்ரெடிகரில் பிறந்து, சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத் தொழிலாளர்கள் வாரந்தோறும் தங்கள் கூலியிலிருந்து சிறு தொகை போட்டு, எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்கச் செய்த ஏற்பாடு அந்த ஊரில் இருந்தது. நாடு முழுவதற்கும் அவர் அதைத்தான் விரித்தார். ஒவ்வொரு இரவுப் பணியிலும் நான் அதை நினைத்துக்கொள்கிறேன். பெவரிட்ஜ், பெவன் என்ற இரு பெயர்களையும் பலர் மாற்றிவிடுகிறார்கள். அறிக்கை எழுதியவர் பெவரிட்ஜ், சுகாதாரச் சேவையைக் கொண்டுவந்தவர் பெவன். இவர்களோடு, கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பேணி, 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலையும், 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கையும் சேர்த்துப் படியுங்கள்.


செங்காந்தள் எழுதியது:

மாஸ்டருக்கும் அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாஸ்டர், நேற்றிரவு மகனை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதவு சாத்தும் காட்சியைப் பார்த்தோம். ஏன் அம்மா அவரை உள்ளே விடவில்லை என்று அவன் கேட்டான். நான் தடங்கலின்றிக் கதை சொன்னேன். சார்ள்ஸும் ஜேம்ஸும் இனி எனக்குக் குழம்பமாட்டார்கள்.

இன்னும் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. பழக்கவழக்கங்கள், பண்டிகைகள் பற்றிய பகுதி வெறும் பட்டியலாகத் தெரிகிறது. அதற்கும் இப்படி ஒரு பிடி உண்டா? இரண்டாவது, என் மனத்தை உறுத்துவது. பேரரசு எப்படி முடிந்தது என்பதைக் கைநூல் பெரும்பாலும் ஒழுங்கான ஒரு கைமாற்றமாகவே சொல்கிறது. அந்த ஆட்சியில் வாழ்ந்த மக்களின் வழிவந்த நாம் அந்த விடையைத் தெரிவு செய்வது சரியா? மூன்றாவது, எங்களோடு வாழும் மாமிக்கு 66 வயது. அவரும் இந்தப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டுமா?


பினாங்கு வேர் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் மலேசியத் தமிழன். பினாங்கில் பிறந்து, படிக்க வந்த இடத்தில் தங்கிவிட்டவன். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் இரண்டாவது கேள்விக்காகவே எழுத வந்தேன்.

என் கொள்ளுத் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் ஏன் அங்கே போனார் என்பதன் ஆரம்பத்தை நான் இந்தத் தேர்வுக்குப் படித்தபோதுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. 1833இல் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையையே ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வில்லியம் வில்பர்ஃபோர்ஸும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரும் அதற்காகப் பல்லாண்டு போராடினார்கள். அவர்கள் செய்தது மெய்யான அறச்செயல், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அதற்குப் பின்னால் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. விடுவிக்கப்பட்டவர்களின் இடத்தில் வேலை செய்ய இருபது லட்சம் இந்தியரும் சீனரும் கொண்டுபோகப்பட்டார்கள் என்று கைநூல் ஒரு வாக்கியத்தில் சொல்லிச் செல்கிறது. மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் மலாயாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வாழ்வு அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் கிடக்கிறது. அடிமை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கிடைத்தது, அடிமைப்பட்டவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதும் மனதில் இருத்த வேண்டிய செய்தி.

கைநூலின் பேரரசுப் பகுதி குறித்து உங்களுக்கு மட்டுமல்ல, வரலாற்றறிஞர்களுக்கும் மனக்குறை உண்டு. 2020இல் அவர்களில் பலர் கூட்டாகக் கையெழுத்திட்டு, அடிமை முறையையும் பேரரசின் முடிவையும் பற்றி அதில் எழுதியிருப்பதைத் திருத்தவேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். 1947இன் பிரிவினையில் உயிரிழந்தவர்களையும் வீடிழந்தவர்களையும் நினைத்தால் ஒழுங்கான கைமாற்றம் என்ற சொல் தொண்டைக்குள் இறங்காது. ஆயினும் தேர்வு கைநூலில் உள்ளதைத்தான் கேட்கிறது. அந்த நூல் என்ன சொல்கிறது என்பதற்கு விடையளிக்கிறீர்கள். உங்கள் பாட்டி சொன்னதைப் பொய்யாக்கிவிட்டு வரவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், இன்றும் அதில் எனக்கு உறுத்தல் இல்லை.

இந்த வரலாறு நமக்குக் கையில் ஒன்றைத் தந்தும் இருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் மலேசியாவும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், அந்நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி தங்கியிருந்தால் பிரிட்டிஷ் குடியுரிமை பெறுவதற்கு முன்பே நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். இது தேர்விலும் வரக்கூடியது. நீங்கள் இன்னும் வாக்காளராகப் பதியவில்லை என்றால் உங்கள் நகரசபையில் பதிந்துவிடுங்கள். நான் இந்நாட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் இதை அறிந்தேன். அதற்குள் ஒரு பொதுத்தேர்தல் போய்விட்டது.

பண்டிகைகளுக்கு வருவோம். நான்கு புனிதர்களின் நாள்களை ஆண்டு ஓட்டத்தில் வையுங்கள்: மார்ச் 1 வேல்ஸின் டேவிட், மார்ச் 17 அயர்லாந்தின் பேட்ரிக், ஏப்ரல் 23 இங்கிலாந்தின் ஜார்ஜ், நவம்பர் 30 ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ. ஈஸ்டரை நடுவில் நிறுத்தினால் அதைச் சுற்றியுள்ளவை தாமாக அடுக்கிக்கொள்ளும். ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள்கள் தவக்காலம். அந்த நோன்பு தொடங்கும் முன் வீட்டிலிருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் தீர்ப்பதற்காகச் சுட்டதுதான் பான்கேக் செவ்வாய். ஈஸ்டருக்கு மூன்று வாரம் முந்திய ஞாயிறு அன்னையர் நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்ஸிங் டே. ஆண்டின் கடைசி இரவை ஸ்காட்லாந்தில் ஹாக்மனே என்பார்கள், அங்கே ஜனவரி 2ஆம் தேதியும் விடுமுறை. லெஸ்டர் நகரத் தீபாவளியும் கைநூலில் இருக்கிறது.

இவற்றுள் எனக்கு மிக நெருக்கமானது நவம்பர் 11. 1918இல் போர் ஓய்ந்த காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்ட இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேல். அவர்களில் மதராஸ் மாகாணத்துக்காரர்களும் உண்டு. மார்பில் சிவப்புப் பாப்பிப் பூ குத்தி நிற்கும்போது நான் அவர்களையும் சேர்த்தே நினைக்கிறேன். அன்றைக்கு நான் விருந்தாளியாக நிற்பதில்லை.


பழைய மாஸ்டர் எழுதியது:

பினாங்குத் தம்பி சொன்னது முழுவதையும் வழிமொழிகிறேன். கார்டிஃப் மகள் சுட்டிக்காட்டிய குறையும் சரியானதே. இனி நூலக வகுப்பில் கொடியிலிருந்தும் ஒரு பாடம் தொடங்குவேன்.

மாமியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் இந்தப் பரீட்சை இல்லை. ஆகவே அவர் தோற்ற வேண்டியதில்லை. ஆனாலும் நீங்கள் படிக்கும்போது அவரையும் பக்கத்தில் இருத்திக் கதையாகச் சொல்லுங்கள். சொல்லச் சொல்ல உங்களுக்குத்தான் உறுதிப்படும்.

ஒருமுறை தவறியவர் ஏழு நாள்கள் கழித்து மீண்டும் தோற்றலாம். ஒவ்வொரு தடவையும் 50 பவுண் கட்டவேண்டியிருப்பதால் அவசரப்படாமல், மூன்று நான்கு வாரங்களுக்குப் பிந்திய ஒரு நாளைப் பதிவு செய்யுங்கள். பதிவின்போது எந்த அடையாள ஆவணத்தைக் கொடுத்தீர்களோ அதையே கையில் கொண்டு போங்கள். அதிலுள்ள பெயரும் பதிவிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தகப்பன் பெயரை முன்னும் பின்னும் போட்டு எழுதும் நம்மவர்கள் இந்த இடத்தில்தான் வாசலோடு திரும்பி வருகிறார்கள். சித்தியடைந்தால் அதற்குக் காலாவதி கிடையாது. நிரந்தர வதிவிடத்துக்குக் காட்டிய அதே பெறுபேறு பின்னர் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் செல்லும். குடியுரிமை விழாவில் இறைவன் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது இறைவன் பெயர் சொல்லாமல் உறுதிமொழியும் எடுக்கலாம். இரண்டும் ஒரே மதிப்புடையவை, முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் போதும்.

படிக்கும்போது ஏதாவது ஓரிடத்தில் நின்றுபோனால் இந்த இழையிலேயே கேளுங்கள், மகள். வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் இங்கே வந்து பார்ப்பேன்.